டயர் கிடைக்காத காலத்துல கம்பம் பள்ளத்தாக்கு

எங்க தேனிப் பக்கத்துல ஜீப் வெச்சிருக்கிற யார்கிட்ட பேச்சுக் கொடுத்தாலும் பத்தே நிமிஷத்துல டயர் விலையில வந்து நிப்பாங்க. நியாயம்தான். விடியறதுக்கு முன்னாடியே போடி, தேவாரம், கம்பம்னு ஊர் ஊரா ஏலத்தோட்டத்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு மலை ஏறுற வண்டிங்க அதெல்லாம். போடிமெட்டு ரோட்டுல மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. மெட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள்ள இறங்கிட்டா ரோடுன்னு ஒண்ணு இருக்காது, கல்லும் சேறும்தான். பட்டன் பெருசா இருக்கிற முரட்டு டயர் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது. அந்த டயர் தேயுற வேகத்துக்கும் விலை ஏறுற வேகத்துக்கும் பெரிய போட்டியே நடக்கும். 2011 ஏப்ரல்ல ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தாண்டினப்ப ஊரே அலறுச்சு. 2024 ஆகஸ்ட்ல அந்த உச்சத்தையும் முந்திடுச்சு.

விலை ஏறுனா புலம்பிக்கிட்டாவது வாங்கலாம். காசு இருந்தும் டயரே கிடைக்கலைன்னா? அப்படி ஒரு காலம் நிஜமாவே இருந்துச்சு. நம்ம ஊர்ல அதைப் பத்தி யாரும் பெருசா எழுதினதாத் தெரியலை, அதான் இந்தப் பதிவு.

1941 டிசம்பர் 8ம் தேதி ஜப்பான்காரன் மலாயாவுல இறங்கினான். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு. மார்ச்ல ஜாவாவும் போச்சு. பள்ளிக்கூடப் புத்தகத்துல இதையெல்லாம் படைகள், தளபதிகள் கதையாத்தான் படிச்சிருப்போம். டயர்க் கடைக்காரர் கண்ணால பாருங்க: உலகத்துல விளைஞ்ச இயற்கை ரப்பர்ல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு, மூணே மாசத்துல எதிரி கையில.

அமெரிக்காவுல அந்தப் போருக்கு முதல்முதலா ரேஷன் வந்த பொருள் எது தெரியுமா? சர்க்கரையும் இல்ல, பெட்ரோலும் இல்ல. டயர்! 1942 ஜனவரியிலயே வந்துடுச்சு. அந்த வருஷ ஜூன்ல ரூஸ்வெல்ட் ரேடியோவுல பேசி, வீட்ல கிடக்கிற பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டத்து ஹோஸ் எல்லாத்தையும் பெட்ரோல் பங்க்ல கொண்டுவந்து போடச் சொன்னார், ராத்தலுக்கு ஒரு சென்ட் தர்றோம்னு. கடைசியில 35 மைலுக்கு மேல வண்டி ஓட்டக்கூடாதுன்னு சட்டமும் வந்துச்சு. டிசம்பர்ல நாடு முழுக்கப் பெட்ரோல் ரேஷன் போட்டதுக்கும் முக்கியக் காரணம் டயரைக் காப்பாத்துறதுதான். அவங்ககிட்ட பெட்ரோல் ஏராளமா இருந்துச்சு. பெட்ரோல் இல்லைன்னா வண்டி ஓடாது, வண்டி ஓடலைன்னா டயர் தேயாது. (எனக்கு ரொம்பப் பிடிச்ச லாஜிக் இது. எங்க ஆபீஸ்லயும் சர்வர் லோடைக் குறைக்க லாகின் பட்டனைத் தூக்கிடலாம்னு சொல்ற ஆளுங்க உண்டு :-))

அமெரிக்காகிட்ட பெட்ரோலியத்துல இருந்து செயற்கை ரப்பர் செய்யுற அளவுக்குப் பணமும் ஆலையும் இருந்துச்சு. போர் முடியுறப்ப வருஷத்துக்குப் பல லட்சம் டன் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. இந்தியாவுல அதெல்லாம் கிடையாது. நம்மகிட்ட இருந்தது மரம்தான்.

அந்த மரம் எங்க இருந்துச்சுங்கிறதுதான் வேடிக்கை. லோயர் கேம்ப்ல இருந்து மலை ஏறிக் குமுளிக்குப் போங்க. அங்கிருந்து கோட்டயம் ரோட்டுல ஐம்பது அறுபது கிலோமீட்டர் இறங்கினா முண்டக்கயம். இந்தியாவுல வணிகரீதியான ரப்பர்த் தோட்டம்னு முதல்ல வந்தது 1902ல, தட்டேக்காட்டுல. அதுவும் நம்ம பெரியாறு ஓடுற கரைதான். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மர்ஃபிங்கிற ஐரிஷ்காரர் முண்டக்கயம் பக்கத்துல ஏந்தயாறுல ரப்பர் போட்டார். ஆக, கம்பத்துக்காரங்களுக்கு ரப்பர் மரம் மலைக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் பயணத்துல.

ஆனா டயரு? அந்த ரப்பர் பாலைக் காயவெச்சு ஷீட் ஆக்கி, நாட்டோட இன்னொரு மூலைக்கு அனுப்பணும். இந்தியாவோட முதல் டயர் ஆலையை டன்லப் 1936ல வங்காளத்துல சாகாகஞ்ச்ல, ஹூக்ளி ஆத்தங்கரையில ஆரம்பிச்சிருந்துச்சு. பக்கத்து மலையில வழியுற பால், கல்கத்தாப் பக்கம் போய் டயராகித்தான் திரும்பி வரணும். மொத்த விளைச்சலும் அப்ப ரொம்பக் கம்மி, வருஷத்துக்கு சுமார் 16 ஆயிரம் டன். அன்னிக்கு உலக உற்பத்தியில நூத்துக்கு ரெண்டு பங்குகூட இல்ல. 1942ல சர்க்கார் விலையை அதுவே நிர்ணயம் பண்ணி ரப்பரை வாங்க ஆரம்பிச்சுது, உற்பத்தியைக் கவனிக்க ஒரு வாரியமும் வந்துச்சு. (அதோட வழியிலதான் 1947 சட்டப்படி இன்னிக்குக் கோட்டயத்துல இருக்கிற ரப்பர் வாரியம் வந்தது.) அப்படிச் சேர்ந்த ரப்பர் எல்லாம் முதல்ல பட்டாளத்துக்கு. பர்மா எல்லையில லாரி ஓடணுமே. டயருக்கு இங்கயும் ரேஷன், பெர்மிட். வரிசையில பட்டாளம், அப்புறம் அத்தியாவசியப் போக்குவரத்து. ஏலக்காயும் பருத்தியும் ஏத்துற தனியார் லாரிக்காரர் எங்க நின்னிருப்பார்னு நீங்களே யூகிச்சுக்கோங்க.

இலங்கையில நடந்தது இன்னும் கொடுமை. மலாயா போனதும் நேச நாடுகளுக்கு மிச்சமிருந்த பெரிய இயற்கை ரப்பர் ஊற்று அந்தத் தீவுதான். மரம் செத்தாலும் பரவாயில்லைன்னு கண்டபடி பால் வெட்டச் சொன்னாங்க. வெட்டினவங்கள்ல பெரும்பங்கு யாருன்னு சொல்லணுமா? நம்ம ஜில்லாக்கள்ல இருந்து போன தோட்டத் தமிழர்களும் அவங்க பிள்ளைங்களும்தான்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். டயர் இல்லைன்னா ரயில்ல அனுப்பலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் நம்ம பள்ளத்தாக்குக்கு ரெட்டை அடி.

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் 1928ல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே மூணாறு டாப் ஸ்டேஷன்ல இருந்து தேயிலைப் பெட்டிங்க கம்பி வழியா (ரோப்வே) கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில போடிக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. ரயில் வந்ததும் போடி நெஜமான சந்தை ஊரா ஆச்சு. இரண்டாம் உலகப் போர் நடக்கிறப்ப, போர்த் தேவைக்கு இரும்பு வேணும்னு அந்தப் பாதையோட தண்டவாளத்தையே பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பப் போட்டு ரயில் ஓடினது 1953-54ல. அதாவது ரப்பர் சக்கரம் கிடைக்காத அதே நேரத்துல இரும்புச் சக்கரத்துக்கான பாதையும் போச்சு. நாட்டு நன்மைக்காகன்னு சொன்னாங்க, யார் நாடுன்னு கேக்கிற நிலைமையில அன்னிக்கு நாம இல்ல. (2010 கடைசியில அகலப்பாதை ஆக்குறோம்னு மறுபடி மூடி, போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது 2023 ஜூன்ல. தண்டவாளம் காணாமப் போறது எங்களுக்குப் பழக்கம்தான்.)

அப்ப சரக்கு எப்படிப் போச்சு? கட்டை வண்டியில. இது பள்ளத்தாக்குக்குப் புதுசும் இல்ல. 1887ல இருந்து 1895 வரைக்கும் பெரியாறு அணை கட்டினப்பவே, அம்மையநாயக்கனூர் ரயில் ஸ்டேஷன்ல இறங்கின சாமானெல்லாம் கூடலூர் வரைக்கும் மாட்டு வண்டியிலதான் வந்துச்சு. மரச் சக்கரம், மேல இரும்புப் பட்டை. பட்டையை நெருப்புல பழுக்கக் காச்சி, சக்கரத்துல மாட்டி, தண்ணி ஊத்திச் சுருக்குவாங்க. கொல்லனும் தச்சனும் ஊர்லயே இருந்தாங்க. இன்னிக்கும் நம்ம ஊர்ல 'கட்டை வண்டி', 'டயர் வண்டி'ன்னு ரெண்டு பேர் இருக்கே, மாட்டு வண்டிக்கு ரப்பர் டயர் மாட்டினதையே தனி ஜாதியாப் பிரிச்சு வெச்சிருக்கோம்னா டயர் எவ்வளவு பெரிய சமாச்சாரமா இருந்திருக்கணும்!

பஸ் முழுசா நின்னுடலை. பெட்ரோலுக்கும் ரேஷன் இருந்ததால கரி வாயு பஸ்ஸுங்க வந்துச்சு. பின்னாடி ஒரு பெரிய டிரம், அதுல கரியை எரிச்சு, வர்ற வாயுவுல இன்ஜின் ஓடும். மதுரையில டி.வி. சுந்தரம் அய்யங்கார் அந்த கேஸ் பிளான்ட்டைத் தானே வடிவமைச்சு உற்பத்தி பண்ணினார். 1910களின் தொடக்கத்துலயே மதுரையில பஸ் விட்ட மனுஷர் அவர். பெட்ரோல்ல ஓடுறதைவிட இதுல இன்ஜின் சக்தி மூணுல ஒரு பங்காவது குறையும். சமவெளியில சமாளிச்சுடலாம். மேடு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளணும்.

அவர் தொடங்கின இன்னொரு தொழில்தான் என் கணக்குல இதைவிடப் பெருசு: டயர் ரீட்ரேடிங். டயர்ல தேயுறது மேல இருக்கிற பட்டன் பகுதி மட்டும்தான். உள்ள இருக்கிற உடம்பு, அதாவது கேசிங், நல்லா இருந்தா மேல்தோலை மட்டும் உரசி எடுத்துட்டு, புது ரப்பரை ஒட்டி, அச்சுல வெச்சு வேகவெச்சா டயர் மறுபடி ஓடும். புது டயருக்கு ஆகுற ரப்பர்ல ஒரு பங்கு போதும். அன்னிக்கு கேசிங்குக்குள்ள இருந்தது பருத்தி நூல். ஓவர்லோடு ஏத்தினாலும் காத்துக் குறைச்சலா ஓட்டினாலும் சூடேறி நூல் இத்துப்போகும், அப்புறம் ரீட்ரெட்டுக்கும் ஆகாது. அதனால ஒரு டயரோட ஆயுசு டிரைவர் கையில இருந்துச்சு. தினம் காத்துப் பாக்குறவனோட லாரி ஓடும், பாக்காதவனோடது ஷெட்ல நிக்கும்.

போர் முடிஞ்சும் இந்தத் தொழில் நிக்கலை. திருவொற்றியூர்ல 1946ல பலூன் செய்ய ஆரம்பிச்ச மாம்மன் மாப்பிள்ளை, 1952ல இறங்கினது ட்ரெட் ரப்பர் தயாரிப்புலதான், அதாவது ரீட்ரேடிங்குக்கு ஒட்டுற ரப்பர். எம்.ஆர்.எஃப் புது டயர் பக்கம் போனது 1960க்கு அப்புறம். பழைய டயருக்குத் தோல் செஞ்ச கம்பெனி, பிற்பாடு நாட்டோட பெரிய டயர் கம்பெனி ஆச்சு.

நம்ம ஜீப்பும் அந்தப் போர் விட்டுட்டுப் போன சொத்துதான். பட்டாளத்தோட மிச்ச ஜீப்பும் லாரியும் ஏலத்துக்கு வந்துச்சு, 1940கள் முடியுறதுக்குள்ள மகிந்திரா வில்லிஸ் ஜீப்பை இங்கயே பூட்ட ஆரம்பிச்சாங்க. போர்க்கால ஜீப்புக்கு 6.00-16 சைஸ்ல, முன்னாடி போனாலும் ரிவர்ஸ் வந்தாலும் ஒரே மாதிரி பிடிக்கிற கட்டை கட்டையான பட்டன் டயர் மாட்டியிருந்தாங்க. இன்னிக்கு ஏலத்தோட்டத்து ஜீப்புல பாக்குறோமே முரட்டு டயர், அதுக்கு அதான் தாத்தா.

இப்ப டயர் வாங்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். 2018 டிசம்பர்ல ரீட்ரெட் டயருக்கு ஜிஎஸ்டியை 28ல இருந்து 18 சதவீதமாக் குறைச்சாங்க, புது டயருக்கு 28 அப்படியே இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து புது டயரும் 18க்கு வந்துடுச்சு. வரியில ரீட்ரெட்டுக்கு இருந்த சலுகை போச்சு. இருந்தாலும் அடக்கவிலையில ரீட்ரெட்டு இன்னும் நல்ல மலிவுதான். மலை ஏறுற வண்டின்னா புது டயரை முன்னாடி மாட்டிட்டு ரீட்ரெட்டைப் பின்னாடி போடுங்க, கடைக்காரர் தட்டிக் காட்டுற கேசிங்ல பக்கவாட்டுல வெடிப்போ வீக்கமோ இருக்கான்னு தடவிப் பாத்துட்டுக் காசு குடுங்க.