எலும்புப்புரைச் சிகிச்சையில் உயிர்வேதிக் குறிப்பான்கள்: ஒரு வரலாற்று ஆய்வு (1923–2017)

முன்னுரை

வளர்ச்சி நின்ற பிறகும் எலும்பு மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்க, வேறொரு வகை அந்தக் குழியில் புதியதைக் கட்டுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இரண்டும் வேகமெடுக்கின்றன. அரிப்பு கட்டுமானத்தை முந்த, எலும்பு நொய்ந்து எலும்புப்புரை உண்டாகிறது. இந்த வேகத்தை இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள குறிப்பான்களால் அளக்கும் முயற்சி, நோயறியும் ஆசையில் தொடங்கி, மருந்தின் பலனைக் கண்காணிக்கும் கருவியாக நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எலும்புக்கே உரிய தடயம்

1923-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ராபிசன், எலும்பு உருவாவதில் பங்குள்ள நொதி ஒன்றை விவரித்தார். அதுவே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். எலும்பு மிகைவேகத்தில் மாறும் பேஜட் நோயில் அது இரத்தத்தில் வெகுவாக உயர்வது பின்னர் தெரியவந்தது. ஆனால் 1941-இல் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் வரையறுத்த மாதவிடாய்க்குப் பிந்தைய எலும்புப்புரையில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருந்தது. கல்லீரலும் இந்நொதியை வெளியிடுவதால், எலும்பில் நிகழும் சிறு மாற்றம் அதற்குள் மறைந்துவிடும்.

அடுத்து வந்தது, எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனின் அமினோ அமிலமான ஹைட்ராக்ஸிபுரோலின். அதற்கும் இதே குறை. தோலின் கொலாஜனிலும் அது உண்டு. ஜெலட்டின் சேர்ந்த உணவை உண்டாலும் சிறுநீரில் கூடும். எலும்பிலிருந்து வெளியாவதில் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துபோகும்.

1977-இல் ஜப்பானில் ஃபுஜிமோட்டோ குழுவினர் மாட்டின் தசைநாரிலிருந்து பிரித்த பிரிடினோலின் திருப்புமுனையானது. முதிர்ந்த கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் இம்மூலக்கூறு, இழை சிதையும்போதுதான் வெளியேறுகிறது, உணவால் கூடுவதில்லை. இந்தப் பிணைப்பைத் தாங்கிய துண்டுகளை எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறை 1990-களில் வந்தது. முதலில் அமெரிக்காவில் டேவிட் அயர் குழுவின் என்.டி.எக்ஸ்., பிறகு டென்மார்க்கின் சி.டி.எக்ஸ். இவை அரிப்பைக் காட்டின. புதிய கொலாஜன் உருவாகும்போது வெட்டப்படும் முனையான பி1என்பி-யை அளக்கும் முறையைப் பின்லாந்து ஆய்வாளர்கள் தந்தனர். அது கட்டுமானத்தைக் காட்டியது.

கணிப்பிலிருந்து கண்காணிப்புக்கு

1996-இல் வெளியான பிரான்சின் எபிடோஸ் ஆய்வு, அரிப்புக் குறிப்பான்கள் உயர்ந்திருந்த முதிய பெண்களுக்கு இடுப்பெலும்பு முறியும் அபாயம் சுமார் இரு மடங்கு என்று கண்டது. எலும்பு அடர்த்தியைக் கணக்கில் கொண்ட பிறகும் அத்தொடர்பு நீடித்தது. ஆயினும் தனி ஒருவரின் ஒற்றை முடிவை வைத்து எதையும் சொல்வது கடினமாகவே இருந்தது. சி.டி.எக்ஸ். அதிகாலையில் உச்சத்தைத் தொட்டு, பிற்பகலில் தாழ்கிறது; சாப்பிட்டதும் குறைகிறது; சிறுநீரகம் பழுதுபட்டால் கூடுகிறது. அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் பல மாதங்களுக்கு சி.டி.எக்ஸ்., பி1என்பி இரண்டும் உயர்ந்தே இருக்கும். நோயறியும் பொறுப்பு அதற்குள் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனிடம் சென்றிருந்தது: உலக சுகாதார நிறுவனம் 1994-இல், அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-மதிப்புக்கு −2.5 என்ற எல்லையை வகுத்தது.

1995-இல் அமெரிக்காவில், அரிப்பைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்தான அலெண்ட்ரோனேட் ஒப்புதல் பெற்றதும் குறிப்பான்களுக்குப் புதிய வேலை கிடைத்தது. ஸ்கேன் கையிருப்பைக் காட்டும். குறிப்பான் வரவு செலவைக் காட்டும். அடர்த்தியில் நம்பத்தக்க மாற்றம் தெரிய ஓரிரு ஆண்டுகள் ஆகும், சி.டி.எக்ஸ். மூன்றே மாதங்களில் சரியும். எலும்பைக் கட்டும் டெரிபாரடைடு மருந்தில் பி1என்பி ஏறுவதே பலனின் அடையாளம்.

2011-இல் பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளையும் பன்னாட்டு மருத்துவ வேதியியல் கூட்டமைப்பும் பி1என்பி, சி.டி.எக்ஸ். இரண்டையும் பொது அளவுகோலாகப் பரிந்துரைத்தன. 2017-இல் அந்த அறக்கட்டளை ஐரோப்பிய ஆய்வாளர் சங்கத்துடன் சேர்ந்து எல்லைகளையும் வகுத்தது: வாய்வழி பிஸ்பாஸ்போனேட் தொடங்கி மூன்று மாதங்களில் பி1என்பி 38 சதவீதத்துக்கு மேலும், சி.டி.எக்ஸ். 56 சதவீதத்துக்கு மேலும் குறைய வேண்டும்.

முடிவுரை

ஒருவரை மற்றவரோடு ஒப்பிடத் தடையாக இருந்த ஏற்ற இறக்கங்கள், அதே நபரை அவரது பழைய அளவோடு ஒப்பிடும்போது பெரிதும் கட்டுக்குள் வருகின்றன; இரு முறையும் காலை வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தால் போதும். பிஸ்பாஸ்போனேட் தொடங்கியும் அளவு குறையவில்லையெனில் மருத்துவர் முதலில் மருந்தை மாற்ற வேண்டியதில்லை. நோயாளி மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா, வெறும் வயிற்றில் எடுக்கிறாரா என்று கேட்க வேண்டும். அதன்பின் எலும்பைத் தேய்க்கும் வேறு நோய் உண்டா என்று தேட வேண்டும்.