மைக்ரான் கணக்கு: புனேயில் கார்ப் பூச்சுத் திருத்தத்துக்குப் பாலிஷ் தேர்வது பற்றி

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ், ஆகுர்டியில் பஜாஜ், சாகனில் மெர்சிடஸ் பென்ஸும் ஃபோக்ஸ்வாகனும் என்று வண்டித் தொழிலால் வளர்ந்த ஊர் புனே. 1966இல் தொடங்கிய ஏஆர்ஏஐ என்னும் வாகன ஆராய்ச்சிக் கழகமும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஷோரூமை விட்டு இறங்கிய காரின் பளபளப்பு ஓராண்டில் மங்கிப்போனதும், நானா பேட்டை உதிரிபாகக் கடைகளில் தொடங்கி டீட்டெய்லிங் ஸ்டூடியோ வரை எழுவது ஒரே கேள்வி: எந்த பாலிஷ் நல்லது?

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அது என்பதே இக்கட்டுரையின் வாதம். பூச்சின் கனம், குறையின் வகை, பாலிஷைத் தேய்க்கும் பேட், இயந்திரம் ஆகியவை தெளிவான பிறகு பாலிஷ் ஏறக்குறையத் தானே அமைந்துவிடும். புனேயில் அது பெரும்பாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைவிட மென்மையானதாகவே இருக்கும். கையால் தேய்ப்பதும், வாக்ஸ், செராமிக் பூச்சுகளும் இங்கே ஆய்வுக்கு வெளியே.

2. தேய்க்கப்படும் பொருள்

2.1 அடுக்குகள்

இன்றைய காரின் தகட்டின்மேல் வழக்கமாக நான்கு அடுக்குகள்: துருவைத் தடுக்கும் மின்முழுக்குப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ்கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர்கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர்கோட் 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். புறஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் இந்தப் படலத்தில் இருக்கின்றன. அது மெலிந்தால் கீழுள்ள நிறம் வெளுக்கும். பிறகு கிளியர்கோட் தோல் உரிவதுபோல் உரியும்.

கம்பளி பேடில் வைத்த காம்பவுண்ட் எனும் கடும்பாலிஷ் ஒரே முறையில் இரண்டு மூன்று மைக்ரானைக் கொண்டுபோய்விடும். இறுதிப் பாலிஷ் எடுப்பது பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் கீழே. வண்டியின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 8 மைக்ரானைத் தாண்டாதே என்பது தொழிலில் வழங்கும் எச்சரிக்கை. வட்டி வராத வைப்புத்தொகை இது: எடுத்தது எடுத்ததுதான்.

2.2 அளவி சொல்வதும் சொல்லாததும்

சாதாரணப் பூச்சு அளவி இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கிறது. அது தருவது மொத்தக் கனம் மட்டுமே. கிளியர்கோட்டின் பங்கைத் தனியே சொல்லாது. அடுக்கடுக்காகப் பிரித்து அளக்க மீயொலி அளவி வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண அளவி வேலையே செய்யாது.

கதவில் 110, பக்கத்து ஃபெண்டரில் 260 என்று காட்டினால் ஃபெண்டர் மறுபூச்சு கண்டது. அதற்கும் மேலே எகிறினால் அடியில் புட்டி. 260 என்ற எண்ணைப் பார்த்து, தேய்க்க நிறைய இடம் இருக்கிறது என்று மகிழ்வது தவறு. கூடுதல் கனம் பிரைமரிலோ பழைய பூச்சிலோ இருக்கலாம். மேலும், தொழிற்சாலைப் பூச்சு 130, 140 டிகிரி சூட்டில் வேகிறது. பட்டறைப் பூச்சு காண்பதோ 60 டிகிரி அளவே. ஒரே காரின் இரண்டு தகடுகள் ஒரே பாலிஷுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. கீறலின் பிறப்பிடம்

புனேயின் எந்த சொசைட்டியிலும் காலை ஆறு மணிக்கு வாகன நிறுத்தத்தில் நின்று பார்க்கலாம். மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவர் ஒரு வாளி, ஒரு துணியோடு வருகிறார். முதல் காரிலேயே தண்ணீர் சாம்பல் நிறமாகிறது. நாலாவது காரின் பானெட்டில் அந்தத் துணி வட்டம் வட்டமாகச் சுற்றும்போது, முந்தைய மூன்று கார்களின் தூசியும் அதில் ஏறியிருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை கார்களுக்கும் சேர்த்து அவருக்குக் கொடுக்கப்படுவது அந்த ஒரு வாளிதான்.

தூசியும் சாதாரணத் தூசியல்ல. இந்த ஊர் உட்கார்ந்திருப்பது தக்காணத்துப் பசால்ட் பாறைமேல். ஜல்லி, பாறைத்தூள், சாலைக்கு நிரப்பும் முரம் எல்லாமே அந்தப் பாறையின் உருமாற்றங்கள். பசால்ட்டின் முக்கியக் கனிமங்களான பிளேஜியோகிளேஸும் பைராக்ஸீனும் மோஸ் கடினத்தன்மையில் 5 முதல் 6.5 வரை நிற்பவை. பாலிமர்ப் படலமான கிளியர்கோட் அவற்றுக்கு ஈடே இல்லை.

வெயிலில் தெரியும் சிலந்தி வலை வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளிப்புள்ளியைச் சுற்றிலும், ஒளிக்கு வாகாகக் குறுக்கே விழுந்த கீறல்கள் மட்டுமே நம் கண்ணுக்கு மின்னுவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. டார்ச்சை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும்.

துடைக்கும் முறை மாறாதவரை இந்த வலை சில மாதங்களிலேயே திரும்பி வந்துவிடும். ஆகவே ஒருமுறை கடுமையாகத் தேய்த்து நூறு சதவீதம் நீக்குவதைவிட, லேசாகத் தேய்த்து எழுபது, எண்பது சதவீதத்தோடு நிறுத்துவதே இந்த ஊருக்குப் பொருந்தும்.

4. பாலிஷால் தீராதவை

வாகோலி, உண்ட்ரி போன்ற புறநகர்களில் பல சொசைட்டிகள் டேங்கர் தண்ணீரை நம்பியிருக்கின்றன. உவர்ப்பான தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைப் புள்ளிகள் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். புதிதாக இருக்கும்போது மென்மையான அமிலக் கழுவி அவற்றைக் கரைத்துவிடும். அதற்குப் போய் மைக்ரானைச் செலவழிக்க வேண்டாம். கையால் தடவினால் சொரசொரக்கும் இரும்புத் துகளுக்கு அயர்ன் ரிமூவரும் களிமண் கட்டியும் இருக்கின்றன.

கோரேகாவ் பார்க் சாலைகளின் ஆலமரங்கள் நிழலுக்கு நல்லவை, பூச்சுக்கு அல்ல. பழம் தின்ன வரும் பறவைகளின் எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியர்கோட்டை அரித்துக் குழி பறிக்கும். குழி ஆழமானால் அதன் விளிம்பை மழுக்குவதோடு நிறுத்துவது நல்லது. நகம் மாட்டும் கீறலுக்கும் இதே தீர்ப்பு.

5. பாலிஷின் உள்ளீடு

பெரும்பாலான பாலிஷ்களில் தேய்ப்பது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவில் 9. கடினத்தன்மையில் அவை எல்லாம் ஒன்றுதான் என்றால் வேறுபாடு எங்கே? துகளின் பருமனிலும் வடிவிலும், அதைச் சுமக்கும் எண்ணெய், நீர்க் கலவையிலும். இறுதிப் பாலிஷ் விடும் கீறல், 0.4 முதல் 0.7 மைக்ரான் அலைநீளம் கொண்ட கட்புல ஒளியைச் சிதறடிக்காத அளவுக்கு ஆழமற்றதாக இருக்க வேண்டும். பளபளப்பு என்பது அவ்வளவுதான்.

துகள்களில் இரு மரபுகள். தேய்க்கத் தேய்க்க நொறுங்கி நுண்மையாவது ஒன்று. அதை முழுச் சுற்றும் ஓட்டி முடிக்காவிட்டால் மங்கல் மிஞ்சும். தொடக்கத்திலிருந்தே ஒரே நுண்மையில் இருப்பது மற்றொன்று. மெகுவியர்ஸின் எம்105, எம்205 இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம்.

பாட்டில் எண்ணைப் பார்த்து நிறுவனங்களை ஒப்பிடக் கூடாது. மென்சர்னாவில் 400 கடுமையானது, 2500 நடுத்தரம், 3800 மிக நுண்மையானது. மெகுவியர்ஸின் 105, 205 எண்களுக்கும் இந்த வரிசைக்கும் எந்த உறவும் இல்லை.

சில பாலிஷ்களிலுள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலை நீக்காமல் மூடி மறைக்கும். நீர் கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் குட்டு வெளிப்படும். அந்தத் துடைப்புக்கு முன் எடுத்த ‘பிறகு’ புகைப்படத்தை நம்ப வேண்டியதில்லை.

6. பேடும் இயந்திரமும்

ஒரே பாலிஷ் கம்பளியில் அறுக்கும், மென்ஸ்பஞ்சில் மினுக்கும். பேடின் நிறத்துக்குப் பொது விதி கிடையாது: ரூப்பஸின் மஞ்சள் மென்மையான முடிப்புக்கு, லேக் கன்ட்ரியின் மஞ்சள் கடுமையான வெட்டுக்கு. நிறத்தை நம்பி வாங்கியவர் பாலிஷைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பட்டறைகளில் இன்னும் ஓடும் ரோட்டரி இயந்திரம் ஓரிடத்தில் சூட்டைக் குவிக்கும், பழகாத கையில் ஹோலோகிராம் கோடுகளை விடும். சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்ஷன் மெதுவானது, ஆனால் மன்னிக்கத் தெரிந்தது. விளிம்புகளிலும் தகட்டின் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டாமல் எந்த இயந்திரத்தையும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

7. சோதனைச் சதுரம்

தேர்வு நடக்கும் இடம் கடையல்ல, பானெட். கழுவி, களிமண் போட்டு, இரண்டடிக்கு இரண்டடி டேப்பால் வேலி கட்டுக. நுண்பாலிஷ், மென்பேட், டூயல் ஆக்ஷன் என்று தொடங்கி நான்கு குறுக்குநெடுக்கு ஓட்டம். ஆல்கஹாலால் துடைத்து டார்ச்சில் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் முதலில் பேடை ஒரு படி கடுமையாக்குக. பாலிஷை மாற்றுவது அதற்கும் பிறகுதான். பத்தில் ஏழு கீறல் போனதும் நிறுத்திவிடலாம். மறுபூச்சு கண்ட தகட்டில் இதே சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் புனே 40 டிகிரியை எட்டும். பிற்பகல் காற்று வறண்டிருக்கும். நீர் அதிகமுள்ள பாலிஷ் பாதி ஓட்டத்திலேயே காய்ந்து தூள் பறக்கும். அப்போது எண்ணெய் சற்றுக் கூடிய, நெடுநேரம் வேலை செய்யும் பாலிஷும் சிறிய சதுரமும் உதவும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு நேர்மாறு: ஈரக்காற்றில் அதே எண்ணெய்ப் பாலிஷ் துடைக்க வராமல் இழுவிக்கொள்ளும்.

8. விதிவிலக்குகள்

பழைய பிரீமியர் பத்மினி, அம்பாசடர் கார்களில் கிளியர்கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பூச்சே வழக்கம். பேடில் நிறம் ஒட்டினால் பதற வேண்டாம், தேய்வது நிறப்பூச்சேதான். ஆனால் பல பாலிஷ்களைக் கண்ட அந்தக் கார்களில் மிச்சம் எவ்வளவு என்பதை அளவிதான் சொல்லும்.

கறுப்புக் காருக்கு இரண்டு படி வேலை நியாயம், ஏனெனில் அதில் எல்லாம் தெரியும். தெருவில் நிற்கும் வெள்ளைக் காருக்கு அது வீண். அதற்கு பாலிஷும் மெழுகும் கலந்த ஆல்-இன்-ஒன் ஒன்றை மென்பேடில் தீபாவளிக்கு முன் ஒருமுறை ஓட்டினால் போதும். மிச்சப் பணத்தில் இன்னொரு வாளியும் பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் காலையில் கார் துடைப்பவரிடம் கொடுக்கலாம்.