மலையேறாத சட்டம்

சட்டம் பிறப்பது தலைநகரத்து மன்றத்திலே, வாழவேண்டியதோ மக்களிடத்திலே. இடைப்பட்ட வழியில் அது எத்தனை ஆண்டு நிற்கிறது, நிற்கும் அந்த நாட்களிலே கொழிப்பவர் யார், குலைபவர் யார் என்பதனை நம் வரலாற்று ஏடுகள் கணக்கெடுப்பதில்லை. மன்னன் முடிசூடிய ஆண்டு நமக்குத் தெரியும். மசோதா மலையேறிய ஆண்டு தெரியாது! அந்தக் கணக்கைக் காண விரும்புவோர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையை நோக்குவாராக.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பு கல்வராயன். பச்சைமலைக்கும் சேர்வராயனுக்கும் உடன்பிறப்பு. கோமுகியும் மணிமுத்தாறும் அதன் மடியிலே பிறந்து, கீழே இறங்கி, நெல்லையும் கரும்பையும் வளர்க்கின்றன. மேலே வாழும் மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்தார் அல்லர், மலையை இடமாகக் கொண்டவர் என்பது பொருள். தமிழ் பேசுவோர், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று மரபுரை கூறுவோர், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைப்போர். கடுக்காயும் தேனும் காடு அவர்கட்குத் தரும் கூலி.

காட்டுக்கு வேலியிடும் சட்டம் பற்றிய வாதம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1878இல் ஆங்கில அரசு இந்திய வனச்சட்டம் இயற்றியபோது, சென்னை மாகாணம் அதனை ஏற்க மறுத்து நின்றது. மறுத்தவர் யார்? புரட்சிக்காரரா? இல்லை! கோட்டையிலே அமர்ந்திருந்த ரெவின்யூ போர்டின் வெள்ளை அதிகாரிகள்! ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்காத காடு இம்மாகாணத்திலே அரிது. மேய்ச்சலும் விறகும் ஊராரின் உரிமை. அதனைப் பறித்தல் தகாது என்பது அவர்தம் வாதம். இரக்கம் மட்டுமே அவர்களைப் பேசவைத்தது என்று கூறேன். உழவன் ஓடிவிட்டால் வரி கொடுப்பவன் யார் என்ற கவலையும் உடன் இருந்தது. எனினும் வாதம் உண்மையான வாதமே. பூனா நகரத்துச் சார்வஜனிக் சபையும் அச்சட்டத்தை எதிர்த்தது. மராத்திய நாட்டுச் சீர்திருத்தச் செம்மல் ஜோதிராவ் பூலே, 1883இல் உழவர் படும் துயரை எழுதியபோது காட்டிலாகாவின் கொடுமையையும் விட்டுவைக்கவில்லை. இறுதியிலே டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர், காட்டுத்துறையின் தலைவர், சென்னைக்கு வந்து வழிவகுத்தார். 1882இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. வாதிட்டவர் அனைவரும் எழுத்தறிந்தோர். காட்டிலே வாழ்ந்தவனின் கருத்தைக் கேட்டு எழுதிய ஏடு எங்கே?

வெள்ளையர் சென்றனர். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகும் என்று அறிந்த நில உடைமையாளர் என்ன செய்தனர்? நிலம் போனால் போகட்டும், மரத்தையாவது பணமாக்குவோம் என்று கோடரியைத் தூக்கினர்! சட்டம் நிலுவையிலே நிற்கும் காலமே சூறையாடும் காலம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ! அதனைத் தடுக்கத்தான் 1949இல் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கலெக்டரின் முன் அனுமதியின்றிக் காட்டை விற்கலாகாது, மரத்தை வெட்டலாகாது என்றது அது.

அச்சட்டத்தின் முகப்புரையை ஊன்றிப் படித்தல் வேண்டும். காடு கண்மூடித்தனமாக அழிக்கப்படுவதைத் தடுத்தல் ஒன்று. அக்காட்டிலே மக்கள் வழிவழியாகத் துய்த்துவரும் உரிமைகளில் குறுக்கீடு செய்வதைத் தடுத்தல் மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்திலே! மரமும் மனிதனும் ஒருவர்க்கொருவர் பகை என்று அதை எழுதியவர் கருதவில்லை. அந்தத் தெளிவைப் பின்வந்தோர் எங்கே தொலைத்தனர் என்பதே என் வினா.

கல்வராயனிலோ நிலைமை வேறு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் தந்த கொடை என்பது அவர்கள் பேசிய பழம்பெருமை. கீழே குடியரசு, மேலே ஜாகிர்! வரி வாங்கும் கை ஜாகிர்தாரின் கை; வழக்குத் தீர்க்கும் வாய் அவர் வாய். இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963இல் நிறைவேறிற்று. சென்னைக்கும் வெள்ளிமலைக்கும் இடையே உள்ள தொலைவு எத்தனை கல்லோ, சட்டம் நடந்து சேரப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன! 1976இலேதான் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. அந்த ஆண்டினை எண்ணிப் பாருங்கள். நெருக்கடி நிலை, சனவரித் திங்களிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. மன்றம் இருந்தபோது மலையேறாத சட்டம், மன்றம் இல்லாதபோது மலையேறிற்று!

ஜாகிர் போயிற்று. உழுதவன் நிலை? தலைமுறை தலைமுறையாகக் கொத்துக்காட்டைக் கொத்தியவனிடம் பத்திரம் ஏது? பத்திரம் இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன் என்பது அலுவலகத்து அகராதி. நாடெங்கும் காடுவாழ் மக்களுக்கு இப்பெயரே சூட்டப்பட்டது. 2002 மே மாதத்திலே மைய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்டிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு மாநிலங்கட்கு ஓலை அனுப்பிற்று. எழுந்தது கிளர்ச்சி. அதன் விளைவு, 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட வன உரிமை மசோதா.

அப்போதுதான் இயற்கை காக்கும் அமைப்புகள் இரண்டாகப் பிரிந்தன. காட்டுயிர் காப்போர் ஒருபுறம். ராஜஸ்தானத்துச் சரிஸ்காவிலே புலி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்ற செய்தி அவ்வாண்டில்தான் நாட்டை உலுக்கியிருந்தது. காட்டைத் துண்டு துண்டாக்கிப் பட்டாவாக வழங்கினால் எஞ்சியதும் போகும் என்று அவர்கள் அஞ்சினர். அச்சம் பொய்யன்று, வேட்டைக்காரனும் மரக்கடத்தல்காரனும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். மறுபுறம், வாழ்வுக்கும் மாண்புக்குமான இயக்கம் என்ற பெயரிலே பழங்குடி அமைப்புகள் திரண்டன. காட்டைக் காத்தவனை வெளியேற்றிவிட்டுக் காட்டைக் காப்பது எங்ஙனம் என்று அவர்கள் வினவினர். கல்பவிருட்சம் போன்ற அமைப்புகளோ, உரிமையும் வேண்டும், காப்பதற்குரிய கட்டுப்பாடும் வேண்டும் என்று நடுவிலே நின்றன. நடுவிலே நின்றவர் குரல் வழக்கம்போல் இரைச்சலில் அமிழ்ந்தது. கிஷோர் சந்திர தேவ் தலைமையில் அமைந்த கூட்டுக்குழு மசோதாவை ஆராய்ந்தது. 1980 என்றிருந்த தகுதிநாள் 2005 டிசம்பர் 13 என்று மாறிற்று. 2006 டிசம்பரில் சட்டம் நிறைவேறிற்று. பழங்குடிகட்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று அதன் முகப்புரையே ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்டாயிற்று, வழங்கப்பட்டதா? சட்டத்தை எதிர்த்து வைல்டுலைஃப் பர்ஸ்ட் முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. தமிழ்நாட்டிலோ, 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமைப் பத்திரம் வழங்குவது நின்றது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2016 பிப்ரவரியில். எட்டு ஆண்டுகள்! முன்பு பதின்மூன்று, பின்பு எட்டு. எதிர்த்தோர் தொடுத்த வழக்கிலே 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை தள்ளுபடியானோரை வெளியேற்றுக என்று ஆணை பிறந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நடுங்கின. பிப்ரவரி 28இல் அதே நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது.

இந்த இடைக்காலத்திலே ஒரிசா நாட்டு நியம்கிரி மலையில் நடந்ததை எதிர்த்தோர் எண்ணிப் பார்த்தனரா? பாக்சைட் வெட்ட ஒரு பெருநிறுவனம் வந்தது. கிராமசபைகளைக் கேளுங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கேட்டதற்கு வன உரிமைச் சட்டமே அடிப்படை. பன்னிரண்டு கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, மலை தப்பிற்று. காட்டை அழிக்கும் என்று எந்தச் சட்டத்துக்கு அஞ்சினரோ, அந்தச் சட்டமே மலையைக் காத்து நின்றது! கல்வராயனின் அண்டை மலைகளான சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டப்பட்டபோது, இத்தகைய சட்டம் மலைமக்கள் கையில் இல்லை.

2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மைய அரசு திருத்தம் கொண்டுவந்தது. பெயரையும் விடவில்லை, 'வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்' என்று இந்தியிலே மாற்றினர். சட்டத்தால் ஆளப்படுவோர்க்குச் சட்டத்தின் பெயரே வாயில் நுழையவில்லை! சிலவகைக் காடுகளைக் காவலுக்கு வெளியே தள்ளும் அந்த மசோதாவை, சூழல் அமைப்புகளும் பழங்குடி அமைப்புகளும் ஒரே அணியில் நின்று எதிர்த்தன. பதினெட்டு ஆண்டுகட்கு முன் அந்த அணி அமைந்திருக்கக் கூடாதா? ஆகஸ்டுத் திங்களிலே மசோதா நிறைவேறிவிட்டது.

அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலே நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சாராயம் என்றதும் எல்லார் விரலும் மலையை நோக்கி நீண்டது. அதன் பிறகே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்வு குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்ற கேள்விகள் மன்றத்திலே எழுந்தன. ஜாகிர் ஒழிந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.