கொந்த்ரதென்கோவின் மரணமும் போர்ட் ஆர்தரின் வீழ்ச்சியும்

ரஷ்ய–ஜப்பானியப் போரை எழுதியவர்கள் பலர், மேஜர் ஜெனரல் ரோமன் கொந்த்ரதென்கோ மடிந்ததையும் போர்ட் ஆர்தர் கோட்டை விழுந்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். நாட்கணக்கு அதற்கு இடம்கொடுக்கிறது: 1904 டிசம்பர் 15 இரவு அவர் இறந்தார், பதினெட்டாம் நாள், 1905 ஜனவரி 2 அன்று, கோட்டை சரணடைந்தது. ஆனால் தலைவன் போனதும் படையின் துணிவும் போயிற்று என்ற விளக்கத்தை ஏற்க முடியவில்லை. டிசம்பர் 29 அன்று கூடிய போர் ஆலோசனைக் கூட்டத்தில் பெரும்பாலான அதிகாரிகள் தொடர்ந்து போரிட வேண்டும் என்றே வாதிட்டார்கள். துணிவு இருந்தது. இல்லாமல் போனது எது என்பதே என் கேள்வி.

1857-இல் திபிலிசியில் பிறந்த கொந்த்ரதென்கோ அடிப்படையில் ராணுவப் பொறியாளர். ஜப்பானியர் கோட்டையை முற்றுகையிட்டபோது தரைவழிப் பாதுகாப்பு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. கோட்டையோ பாதி கட்டிய நிலையில் போருக்குள் வந்திருந்தது. துறைமுகத்தில் அடைபட்டுக் கிடந்த கடற்படையின் கண்ணிவெடிகள் மலைச்சரிவில் ஏறிவரும் எதிரிமேல் உருட்டிவிடப்பட்டன. கப்பல்களின் 47 மில்லிமீட்டர் பீரங்கிகளில் கம்பு பொருத்திய குண்டுகளைச் செருகி, உயர்ந்த கோணத்தில் பாயவிட்டார் கேப்டன் கொபியாத்தோ. இன்றைய மோர்ட்டாரின் முன்னோடிகளில் ஒன்று அது. இவற்றுக்கெல்லாம் தரைப்படையும் கடற்படையும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. அங்கே அரிதாக இருந்தது அதுதான். படைப்பகுதித் தலைவர் ஸ்டெஸலும் கோட்டைத் தளபதி ஸ்மிர்னோவும் அதிகாரத்துக்காக மோதிக்கொண்டிருக்க, இருவரும் காதுகொடுத்துக் கேட்ட மனிதர் கொந்த்ரதென்கோ. அவருடைய வீரத்தைவிட இந்த இணைப்புப் பணியே பெரிது என்று நான் கருதுகிறேன்.

அவர் இறந்த இடமும் இதற்குச் சாட்சி. போர்ட் ஆர்தரின் தற்காப்பு வரிசையில் இருந்த இரண்டாம் எண் கோட்டையின் நிலவறைகளில் ரஷ்யரும் ஜப்பானியரும் மணல்மூட்டைத் தடுப்புக்கு இருபுறமும் நின்று போரிட்டார்கள். ஜப்பானியர் மூட்டிய புகை வீரர்களை மூச்சுத்திணறச் செய்கிறது என்று கேட்டு, நேரில் பார்க்க வந்தார். ஜப்பானியரின் 28 சென்டிமீட்டர் ஹோவிட்ஸர் குண்டு ஒன்று கான்கிரீட் கூரையைப் பிளந்து உள்ளே வெடித்தது. அந்தக் குண்டின் எடை இருநூறு கிலோவுக்கும் மேல். அத்தகைய குண்டைத் தாங்கும் கனத்தில் அந்தக் கூரை கட்டப்படவில்லை. பொறியாளர் ரஷேவ்ஸ்கி உட்பட அதிகாரிகள் பலர் அவரோடு மடிந்தார்கள்.

அவர் உயிரோடு இருந்திருந்தாலும் போர்ட் ஆர்தர் தப்பியிருக்காது. டிசம்பர் 5-இலேயே 203 மீட்டர் குன்று விழுந்துவிட்டது. அதன் உச்சியிலிருந்து குறிபார்த்து, துறைமுகக் கப்பல்களைச் சில நாட்களில் ஜப்பானியர் அழித்தார்கள். அவர் மரணம் மாற்றியது முடிவை அல்ல, முடிவு எடுக்கப்பட்ட விதத்தை. அவருடைய இடத்துக்கு ஸ்டெஸல் நியமித்தவர் ஜெனரல் ஃபோக். டிசம்பர் 18 அன்று சுரங்கவெடிகள் இரண்டாம் எண் கோட்டையைத் தகர்த்தன. அன்றிரவே அதைக் கைவிட ஃபோக் உத்தரவிட்டார். ஜனவரி 1 அன்று ஸ்டெஸல் ஜப்பானியத் தளபதி நோகிக்குக் கடிதம் அனுப்பினார். அதற்குமுன் ஆலோசனைக் கூட்டத்தை மீண்டும் கூட்டவில்லை.