ரயில் இல்லாத ஸ்டேஷன்

குல்மார்க் போயிட்டு வந்தவங்க பனிச்சறுக்கைப் பத்தியும் கண்டோலா ரோப் கார் பத்தியும் சொல்லாம இருக்க மாட்டாங்க. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்க மலைதான் ஞாபகம் வரும். நான் ராசிங்காபுரத்துக்காரன். எங்களுக்கு மேற்கே இருக்கிற மலையிலயும் நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ரோப்வே ஓடுச்சு. அதுல போனது தேயிலைப் பெட்டி.

டாப் ஸ்டேஷன் பார்த்திருப்பீங்க. மூணாறுல இருந்து 32 கிலோமீட்டர். மேகம் காலுக்குக் கீழே போகும், எல்லாரும் போட்டோ எடுப்போம். ரயிலே இல்லாத மலையில 'ஸ்டேஷன்' எங்கிருந்து வந்தது?

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை கொண்டு வர ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். தண்டவாளத்தில் ஒரு சக்கரம், தரையில் ஒரு சக்கரம். வண்டியை இழுத்தது மாடு. 1908-ல் அதையே இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். நீராவி எஞ்சின் வந்தது. அந்தப் பாதை முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து பெட்டிகள் கம்பியில தொங்கிக்கிட்டே ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அது பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டு வண்டியில போடி. கடைசியா கப்பல் ஏறி இங்கிலாந்து.

1924 ஜூலையில பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099-ங்கிறதால, கேரளத்துல 'தொண்ணூத்தொன்பது வெள்ளம்'னு இன்னைக்கும் சொல்றாங்க. மலை ரயிலை அது அடிச்சுட்டுப் போயிடுச்சு. திரும்பப் போடவே இல்லை.

இதுல வேடிக்கை என்னன்னா, மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். மேலே ரயில் ஓடின காலத்துல கீழே இல்லை. கீழே வந்தப்போ மேலே இல்லை. நாலே வருஷம்தான் இடைவெளி.

பெட்டி கம்பியில இறங்கின அதே மலையில, கீழேயிருந்து தோட்ட வேலைக்குப் போன நம்ம சனங்க நடந்துதான் ஏறினாங்க. குரங்கணியில இருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியா டாப் ஸ்டேஷனுக்கு இப்பவும் நடைபாதைதான். வண்டியில போகணும்னா போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறுன்னு கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் சுத்தணும். தேயிலைக்கு அது ஐந்து கிலோமீட்டராத்தான் இருந்துச்சு.

அடுத்த தடவை டாப் ஸ்டேஷன் போனா, மேகம் விலகுற வரைக்கும் கொஞ்சம் நில்லுங்க. கீழே தெரியுற சரிவு எங்க ஊர்ப்பக்கம். அந்தப் பேருக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கு.