பாலிமர் களிமண் சிற்பம்: வழவழப்பு சுடுவதற்கு முன்பே தொடங்குகிறது

கேமரன் மலையின் குளிரிலும் ஈரக்காற்றிலும் சாதாரணக் களிமண் பொம்மை காய நாளாகும். சீராகக் காயாவிட்டால் விரிசல் விடும். பாலிமர் களிமண்ணுக்கு அந்தக் கவலை இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கும் அதை இளக்கும் பொருளும் கலந்த இது சூட்டில்தான் இறுகும். ஆகவே, மேற்பரப்பை நிதானமாகச் சீர்செய்ய நேரம் கிடைக்கிறது.

சுடுவதற்கு முன்: குளிரில் இறுகியிருக்கும் களிமண்ணைக் கையில் நன்கு பிசைந்து இளக்க வேண்டும். காற்றுக் குமிழ்களை ஊசியால் குத்தி, அந்த இடத்தை அழுத்தி மூட வேண்டும். கைரேகை விழாமலிருக்க விரல்நுனியில் சிறிது சோளமாவு தொட்டுக்கொள்ளலாம். மீதமுள்ள தடங்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மென்தூரிகையால் நீவினால் மறையும். அது எளிதில் தீப்பற்றும். முற்றிலும் உலர்ந்த பிறகே சிற்பத்தை ஓவனில் வைக்க வேண்டும்.

சுடும்போது: பெரும்பாலான வகைகளுக்கு 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் போதும், பொட்டலத்தில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். ஓவன் காட்டும் சூடு மாறுபடலாம் என்பதால் உள்ளே தனி வெப்பமானி வைப்பது நல்லது. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு எனும் நச்சு வாயு வெளியாகும். உடனே ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். சுட்ட தட்டை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

சுட்ட பின்: ஆறியதும் 400, 600, 800, 1000 என்ற எண் வரிசையில், நீர் தாங்கும் மணல்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறாது. பிறகு பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தாலே மெருகேறும். நகப்பூச்சு பூச வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். நீர்க்கலப்பு வார்னிஷே ஏற்றது.