ஆர்ப்பாநெற்றின் நெறிமுறை மாற்றம்

கணனிகள் தம்முள் தொடர்பு கொள்வதற்குப் பொதுவானதொரு நெறிமுறை இன்றியமையாதது. அந்நெறிமுறையையே மாற்ற நேரின், பலவிடங்களிற் பலர் வசமிருக்கும் கணனிகளை உடன்படச் செய்வது எங்ஙனம்? ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1983இல் இவ்வினாவை எதிர்கொண்டது.

1969இல் இயங்கத் தொடங்கிய அவ்வலையமைப்பிலே பல்கலைக்கழகக் கணனிகள் ஒன்றோடொன்று நேரே இணைக்கப்படவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் ஐ.எம்.பி. எனப்பட்ட சிறு கணனியொன்று வாயிற்காவலன்போல் நின்றது. செய்தியைப் பொதிகளாகப் பிரித்தனுப்புவதும், வழியிற் பழுதுற்றவற்றை மீள அனுப்புவதும் அதன் பணிகள். அது தன் கடமையிற் பிழையாது என்னும் நம்பிக்கையின் மீதே என்.சி.பி. என்ற பழைய நெறிமுறை அமைந்திருந்தது. வானொலி, செய்மதி ஆகியவற்றின் வழிப்பட்ட வலையமைப்புகள் தோன்றியபோது அந்நம்பிக்கை செல்லாதாயிற்று. அவற்றிற் பொதிகள் தொலைவது இயல்பு. வின்ரன் சேர்ஃப், றொபேட் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ரி.சி.பி. திட்டம், செய்தி சேர்ந்ததா என நோக்கும் பொறுப்பை இருமுனைக் கணனிகளிடமே ஒப்படைத்தது.

திட்டம் சிறந்ததாயினும் நிலையங்கள் அதனை விரைந்து ஏற்கவில்லை. ஒழுங்காக இயங்கும் கணனியின் மென்பொருளைத் திருத்தி எழுத எவர்தாம் விரும்புவர்? 1981 நவம்பரில் ஜோன் பொஸ்ரெல் வெளியிட்ட மாற்றத்திட்டம், 1982ஆம் ஆண்டு முழுவதையும் இடைக்காலமாக வகுத்தது. இரு நெறிமுறைகளையும் அறிந்த கணனிகள் மொழிபெயர்ப்பாளர்போல் இடைநின்று அஞ்சலையும் கோப்புகளையும் கைமாற்றுவதற்கு அதில் ஏற்பாடு இருந்தது.

ஆயின், மாற்றத்தை நிறைவேற்றியது அவ்விணக்க ஏற்பாடன்று. ஐ.எம்.பி. செய்தியின் பொருளை அறியாது. அதன் தலைப்பிலுள்ள இணைப்பெண்ணை மாத்திரம் வாசிக்கவல்லது. சிறிய எண்கள் என்.சி.பி.க்கும், 155 என்ற எண் புதிய நெறிமுறைக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பழைய எண்ணைத் தாங்கிய செய்தியை ஏற்காதே என வாயிற்காவலனைப் பணித்துவிட்டாற் போதும். நிலையத்தார் விரும்பினும் விரும்பாவிடினும் பழைய நெறிமுறை ஓய்ந்துவிடும். 1982இன் நடுப்பகுதியில் ஒருநாளும், பின்னர் இருநாட்களும் இவ்வாறு வாயில் அடைக்கப்பட்டது. முறைப்பாடுகள் எழுந்தன, எச்சரிக்கையும் உரியவர்களைச் சென்றடைந்தது.

1983 சனவரி 1ஆந் திகதி என்.சி.பி. நிறுத்தப்பட்டது. அன்று ஆயத்தமாக இராத நிலையங்கள் பல. சிலவற்றுக்குத் தற்காலிக விலக்கு அளிக்கவேண்டியிருந்தது. எல்லாக் கணனிகளும் புதிய நெறிமுறைக்கு வந்துசேர ஏறத்தாழ அரையாண்டு சென்றது. அந்நாட்களில் உறக்கமிழந்து உழைத்தவர்களுக்கு, ரி.சி.பி. மாற்றத்தில் உயிர்தப்பியவர் எனக் கூறும் சட்டைச் சின்னமொன்று வழங்கப்பட்டது.